பழசா, புதுசா?

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மூணு பூனையும் இங்கிருந்து போயாகணும். இல்லேன்னா நானே சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போய் எங்கயாவது விட்டுடுவேன்!"

எதிர்வீட்டு வாசலில் நின்று கத்தினான் அவன். கையில் மனைவியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'பூனைக்காரம்மா'.

"என்ன ஆச்சு தம்பி?"

"என் பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு தெரியுமில்ல? டாக்ஸோபிளாஸ்மான்னு ஏதோ கிருமி அவ ரத்தத்துல இருக்காம். பூனைகிட்டேருந்து வர்றதாம். வயித்துல இருக்கற குழந்தைக்குக் கண்ணு போகலாம், மூளை பாதிக்கலாமாம். நானே போன்ல படிச்சேன்!"

அவர் முகம் மாறியது. "ஐயோ... டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா? அது பழசா, இப்ப வந்ததான்னு பார்க்க இன்னொரு டெஸ்ட் இருக்கு. அதையும் எடுத்து..."

"பூனை வளர்க்கிறவங்க எனக்கு வைத்தியம் சொல்ல வேண்டாம்!"

சத்தம் கேட்டு மற்ற வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன். யார் கேட்டாங்க?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

மனைவி தன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். அவள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த நாட்களில் ஓடி வந்து தலையைப் பிடித்துவிட்டவர் அந்தம்மாதான். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தையை நினைத்த பயத்தில் வாய் வரவில்லை.

சாயங்காலம் பூனைக்காரம்மா இரண்டு கூடைகளைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போனார். படியிறங்கும்வரை மூன்றும் கத்திக்கொண்டே இருந்தன. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார்.

"இதை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. தொற்று எப்ப வந்ததுன்னு தெரியணும். வந்த புதுசுல உடம்போட எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தளர்வாத்தான் பிடிக்கும். நாளாக ஆகத்தான் பிடி இறுகும். அந்தப் பிடியை அளந்தா பழசா புதுசான்னு தெரிஞ்சுடும். எங்க லேப்லயே பார்ப்பாங்க."

அவனுக்குத் திக்கென்றது. எதிர்வீட்டு வாசலில் கேட்ட அதே வார்த்தைகள்.

நான்கு நாட்கள். இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா சிரித்தபடியே நிமிர்ந்தார். "பிடி நல்லா இறுகியிருக்கு. இது குறைஞ்சது நாலு மாசத்துக்கு முந்தி வந்தது. உங்களுக்கு இப்பத்தான் பத்து வாரம். கரு தங்கறதுக்கு முன்னாடியே உங்க உடம்பு அதைச் சமாளிச்சுடுச்சு. குழந்தைக்கு பயமில்ல."

மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

"அப்ப, எதிர்வீட்டுப் பூனைங்க..." என்று இழுத்தான் அவன்.

"அந்த வீட்டுக்கு எப்பக் குடி வந்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"அப்புறம் எப்படி அதுங்க மேல பழி போட முடியும்? சரி, அரைவேக்காட்டுக் கறி சாப்பிடற பழக்கம் உண்டா?"

மனைவி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். 'முழுசா வெந்தா சக்கைதான், ருசி போயிடும்' என்று பாதியிலேயே அடுப்பிலிருந்து இறக்கி, வேண்டாம் வேண்டாம் என்றவள் வாயில் ஊட்டியும் விட்டவன் அவன்தான்.

அவன் தலை தானாகக் குனிந்தது.

"அதுலேருந்துதான்னு சத்தியம் பண்ண முடியாது" என்றார் டாக்டரம்மா. "கழுவாத காய்கறியா இருக்கலாம், மண்ணா இருக்கலாம். இனிமே எல்லாத்தையும் நல்லா கழுவி, நல்லா வேகவெச்சு சாப்பிடுங்க."

வழியெல்லாம் மனைவி ஒன்றையேதான் சொன்னாள். "போனதும் மொதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணும். நானும் கேக்கணும்."

"கேக்கறேன். எனக்கு மட்டும் உறுத்தலியா?"

படிக்கட்டின் கீழேயே கீழ்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். கூட இன்னும் மூன்று பேர்.

"என்ன தம்பி, ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார். குழந்தைக்கு ஒண்ணுமில்ல."

"பார்த்தீங்களா! சரியான நேரத்துல பூனைங்களை விரட்டினோம், தப்பிச்சுது. என்ன சொல்றீங்க?"

நான்கு முகங்களும் அவனையே பார்த்தன. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்குக் கத்திய கத்தலும் கூடவே ஞாபகம் வந்தது.

"ஆமா சார்... நல்ல வேளை."

சொல்லிவிட்டுத் திரும்பினான். கட்டட வாசலில், வேலையிலிருந்து வந்த பூனைக்காரம்மா தோளில் பையோடு நின்றிருந்தார்.

அவனுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் அவர் அவனைப் பார்க்கவே இல்லை. மனைவியிடம் போய், "குழந்தை நல்லா இருக்கில்லம்மா? அது போதும்" என்று கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் படியேறினார்.

வீட்டுக்குள் வந்ததும் அவன் மெதுவாகக் கேட்டான். "நான் சொன்னது அவங்க காதுல விழுந்திருக்குமா?"

மனைவி கைப்பையைத் திறந்தாள். புது ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். "கடைசி வரியைப் படிங்க."

'பரிசோதனை செய்தவர்' என்று போட்டு ஒரு பெயர். பக்கத்தில் கையெழுத்து.

"யார் இது?"

"கதவைத் திறந்து எதிர்ல பாருங்க. பேர்ப்பலகை மாட்டியிருக்கு. இந்த ரெண்டு மாசத்துல நாம ரெண்டு பேருமே அதைப் படிச்சதில்ல. இப்ப உள்ள வரும்போதுதான் என் கண்ணுல பட்டுது."

அவன் திறந்து பார்த்தான். பலகையிலும் அதே பெயர்.

"அப்போ... நான் கீழ பொய் சொன்னது அவங்களுக்கு..."

"தெரியும். உண்மை என்னன்னு நமக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும்."