தண்ணீர் மேல் போட்ட பழி

"வேணாங்க, விட்டுடுங்க. முடிதானே, போனா போகுது!"

கிருஷ்ணப்பிரியா கெஞ்சிக்கொண்டே படியிறங்கினாள். தமிழரசு கேட்கிற நிலையில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஹவுஸ் ஓனர் வேம்புலியைத் தேடிக் கீழே போய்க்கொண்டிருந்தான்.

"எது போனா போகுது? பொண்ணு பாக்க வந்தப்ப உன் முடியைப் பாத்துட்டு அப்புறம்தான் முகத்தையே பாத்தேன். கருகருன்னு இருந்துச்சு. இப்போ தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்."

அந்த முடியின் மேல் அவன் வைத்திருந்த பாசம்தான் எல்லா வம்புக்கும் காரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரியா வேலை பார்க்கும் ஆபீசில் பாதிப் பேர் தலை பிரவுன் கலர். அவளுக்கும் ஆசை. "கலர் கிலர் அடிச்சே, பேச மாட்டேன்" என்று தமிழரசு சொல்லிவிட்டான். ஒரே நாளில் மாறினால்தானே கண்ணில் படும்? எலுமிச்சைச் சாறு, தேன், பட்டைத்தூள், சாமந்திப்பூ டீ எல்லாம் கலந்து ஒரு பன்னீர் பாட்டிலில் ஊற்றினாள். வாரம் இரண்டு நாள், துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தலையில் தெளித்துக்கொண்டு, அரை மணி நேரம் வெயிலில் நின்றாள். பிறகு அலசினாள். நாலு மாதத்தில், யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக முடி வெளுத்தது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாட்டிலைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அவள் தெளித்ததைவிட அதிகமாகவே அது குறைந்தது. வெயிலுக்கு ஆவியாகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி தமிழரசு திடீரென்று அவள் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "என்ன இது?" என்றான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"போர் தண்ணிங்க. ஒரே உப்பு."

ஒரு பொய் சொன்ன இடத்திலேயே நின்றதாகச் சரித்திரம் உண்டா? விடிந்ததும் சண்டைக்குக் கிளம்பிவிட்டது.

வேம்புலி வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க போர் தண்ணியால என் பொண்டாட்டி முடி செம்பட்டையாயிடுச்சு."

வேம்புலி குழாயை மூடினார். அவருடைய சுவரைக் குறை சொல்லலாம், கதவைக் குறை சொல்லலாம், ஏன், அவர் மீசையைக்கூடக் குறை சொல்லலாம். தண்ணீரை மட்டும் சொல்லக் கூடாது. போன வருஷம் மேனாம்பேட்டில் அந்தத் தெருவுக்கு மெட்ரோ தண்ணீர் வந்தபோது எல்லா வீட்டிலும் பைப் போட்டுக்கொண்டார்கள். பெண்டாட்டி கமலம் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், வந்த ஆட்களுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினவர் அவர் ஒருத்தர்தான்.

"இன்னாபா சொன்ன? எங்க தாத்தா வெட்ன கெணத்துல போட்ட போர்பா அது! முப்போகம் வெளைஞ்ச தண்ணி. அதையா குத்தம் சொல்ற?"

"பருப்பு வேகலண்ணே. மூணு விசில் விடுற இடத்துல ஒம்போது விடுது."

"உன் குக்கர்ல கோளாறு கீது."

"பக்கெட்டெல்லாம் வெள்ளையா படியுதே?"

"அது சத்துபா!"

தமிழரசு விடவில்லை. வேம்புலிக்கு முகம் சிவந்துவிட்டது.

"த பாரு. எங்க ஊட்டுக்காரி கமலம் இருவத்தெட்டு வருசமா இதே தண்ணிலதான் குளிக்கிறா. அவ முடி செவந்து கீதுன்னா நாளைக்கே பைப்பு போடறேன். இல்லன்னா, ஊட்டக் காலி பண்ணிகினு போய்கினே இருக்கணும். இன்னா சொல்ற?"

"சரி!" என்றான் தமிழரசு, பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல்.

பிரியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆபீசுக்கு நடக்கிற தூரத்தில் இப்படி ஒரு வீடு இனிமேல் கிடைக்குமா? போயும் போயும் முடி நிறத்துக்காகத் தெருவில் நிற்பதா? மானம் போனாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ சும்மா இரும்மா. கமலம்! ஏ கமலம்! இங்க வா!"

கமலம் வந்தாள். தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள்.

"துண்ட அவுத்துடு. உன் முடிய இவங்களுக்குக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுன்றேன்ல!"

கமலம் துண்டை உருவினாள். இடுப்பு வரை விழுந்த முடி காலை வெயிலில் செம்பட்டையாக மின்னியது. பிரியாவுடையதைவிட ஒரு படி அதிகம்.

வேம்புலி பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எப்பலேர்ந்து கமலம்?"

"நாலு மாசமா இப்டித்தான் கீது. நீ என்னிக்கு என் தலையப் பாத்த? சோத்துத் தட்டைத்தான் பாப்ப."

"தாத்தா தண்ணிபா..." என்றார் வேம்புலி, யாரிடம் என்று இல்லாமல். பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொன்னா சொன்னதுதான். நாளைக்கே பைப்புக்கு எழுதிக் குடுக்கறேன்."

பைப் எந்தப் பக்கம் வரும் என்று பார்க்க இரண்டு ஆண்களும் தெருவில் இறங்கினார்கள். பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போர் தண்ணீரில் நிஜமாகவே முடி வெளுக்குமா? அப்படியானால், தான் சொன்னது பொய்யே இல்லையா?

கமலம் ஈரமுடியை உதறிக்கொண்டு அருகில் வந்தாள். தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு காலிப் பன்னீர் பாட்டிலை எடுத்து பிரியாவின் கையில் திணித்தாள்.

"டேங்க் பின்னால வெச்சது தீந்து போச்சு பிரியா. பைப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் சேத்தே கலக்கு!"