நிலையான விலாசம்

"போன தடவை உனக்கு ஏன் ஜாமீன் குடுக்கலைன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் பொலிவியாவின் கோச்சபாம்பா நகர நீதிபதி ஸெனோபியா.

"இருக்கும்மா. வீடு, வேலை, குடும்பம் எதுவும் இல்லை, வேர் இல்லாதவன் ஓடிப்போயிடுவான்னு சொன்னீங்க," என்றான் லினோ.

"இப்போ?"

"எல்லாம் இருக்கும்மா. மூணு வருஷமா ஒரே விலாசம். ரொட்டி சுடுறேன். கல்யாணமும் ஆயிடுச்சு. அக்கம்பக்கத்துல நாப்பது பேர் நல்லவன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

காகிதங்களைப் புரட்டிய நீதிபதியின் முகம் மலர்ந்தது.

"இப்படி வேர் விட்டவன் எங்கே ஓடப்போறான்? ஜாமீன் குடுத்தாச்சு. ஒரே நிபந்தனை. வழக்கு முடியுற வரைக்கும் இந்த விலாசத்தை விட்டு நகரக்கூடாது."

லினோ வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தரையைப் பார்த்தார். அது என்ன இடம் என்று எழுதினால் சிரிப்பார்களே என்று, மனுவில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் மட்டும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

பின்னால் நின்ற காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் லினோவின் தோளில் தட்டினார்.

"வாப்பா, அந்த விலாசத்துக்கே போகலாம். ஜெயில் வண்டி வாசல்லயே நிக்குது."