அவளுடைய கம்ப்யூட்டர்

இரும்புக் கம்பி இறங்கியது. அவளுடைய கம்ப்யூட்டர் மேசையிலிருந்து எகிறி விழுந்து வாயைப் பிளந்தது. கணவனுக்கு அது போதவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, தூளாகும்வரை அடித்தான்.

"இப்பக் காட்டுடி. எந்த வீடியோவைக் காட்டுவே, காட்டு பாப்போம்."

அவள் சுவரோரம் கிடந்தாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

போன முறை இதே அச்சகத்தில்தான், காகிதம் வெட்டும் மிஷினில் அவள் தலையை மோதினான். படியில் விழுந்தாள் என்று போலீஸிடம் சாதித்தான். அவர்களும் சமாதானம் பேசி, அவனோடே அனுப்பிவைத்தார்கள். மறுநாள் கடைக் கேமராவைக் கழற்றி எறிந்தான் அந்த மகராசன். அதற்குள் அவள் அந்த அடி பதிவாகியிருந்த வீடியோவை எடுத்து வைத்துவிட்டாள். அது அவள் திரையில் ஓடியதைத்தான் இன்று பார்த்துத் தொலைத்தான். இன்றைக்கும் ஆதாரம் இல்லாமல் அவனோடு வீட்டுக்குப் போனால் உயிர் தங்காது என்று அவளுக்குத் தெரியும்.

டிசைன் அவள் வேலை, பிரிண்டிங் அவன் வேலை. அவளிடம் மேக் கம்ப்யூட்டர், அவனிடம் விண்டோஸ். கணவன் மனைவி லட்சணத்துக்கு ஏற்றபடி அவையும் ஒன்றோடொன்று பேசாது. பேசவைக்க வந்த மெக்கானிக்கிடம் அவன் கறாராகச் சொன்னான். "எனக்குத் தெரியாம அவ ஒரு ஃபைலும் வச்சிருக்கக் கூடாது." மெக்கானிக் இரண்டு திரையிலும் தெரிகிற மாதிரி ஒரே ஃபோல்டரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் ஃபைலெல்லாம் அதில்தான். அந்த ஃபோல்டர் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று இவன் கேட்கவில்லை.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துத் தையல்கடைக்காரர் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் அவனுக்கு வெறி ஏறியது. விளக்கை உடைத்தான், கண்ணாடிக் கதவை நொறுக்கினான். கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துக்கொண்டே தன் மேசைப் பக்கம் வந்தான்.

அவள் எழுந்தாள். உடைந்த நாற்காலிக் காலை வலது கையில் எடுத்தாள்.

"நீங்க மட்டும்தான் உடைப்பீங்களா? உங்களோடதையும் உடைக்கிறேன்."

கம்பியைப் போட்டுவிட்டு அவன் பாய்ந்தான். தன் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்தான். "கிட்ட வராதே. என் பொழப்பே இதுலதான்டி இருக்கு."

அவள் கட்டையை ஓங்கியபடியே நின்றாள். ஓங்கினாளே தவிர, இறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்தார்.

"பாத்துக்கங்க மேடம், யாரு யாரை அடிக்கிறாங்கன்னு." அவன் பெட்டியை விடாமலே புலம்பினான். "அவ கம்ப்யூட்டரை அவளே உடைச்சா. தடுக்கப் போனதுலதான் அவளுக்கு அடி. இப்ப என்னோடதையும் உடைக்க வந்துட்டா."

இன்ஸ்பெக்டர் அவள் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கினார்.

"என்னம்மா இது? கையும் களவுமா நிக்கிறே. அவர் உன்னை அடிப்பார்ங்கிறதுக்கு ஆதாரம் ஏதாவது வச்சிருக்கியா?"

அவன் தரையில் கிடந்த தூளைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

"அவர் கட்டிப் பிடிச்சிட்டிருக்கிற பெட்டியிலதான் இருக்கு மேடம்."