நீக்கியதற்கான காரணம்

"இதையும் தூக்கிட்டாங்க ஷாகிர்!"

ஓம்பிரகாஷ் மேஜையில் ஓங்கிக் குத்தியதில் பக்கத்துக் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஆடியது.

கடைக்காரன் ஷாகிர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். 'உங்கள் பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது.' அவ்வளவுதான். பதிவுகளைக் கண்காணித்து வெட்டுகிற அந்த மட்டுறுத்துநர் யார், எதற்காக நீக்கினார், ஒரு வார்த்தை கிடையாது.

சேந்தமங்கலத்து ஷாகிர் செம்மேட்டில் பிரவுசிங் சென்டர் திறந்த நாளிலிருந்து ஓம்பிரகாஷ் தவறாத வாடிக்கை. நாகப்பட்டினத்துக்காரர். அரசாங்க உத்தியோகம் அவரைக் கொல்லிமலையில் கொண்டுவந்து போட்டிருந்தது. மனைவியும் மகளும் ஊரில். அங்கே வேலை பார்க்கிற யாராவது இந்த மலைக்கு வரச் சம்மதித்தால் இருவரும் இடம் மாற்றிக்கொள்ளலாம். இப்படி ஜோடி தேடுகிற அரசு ஊழியர்களுக்கென்றே இணையத்தில் ஒரு குழுமம் இருந்தது. ஆளாளுக்கு அதில் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் போடுகிற பதிவு மட்டும் அரை நாள் தங்காது.

"ஏனுங்க சார், கோவத்துல ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டீங்களா?"

"நாகப்பட்டினத்துக்கு வர விருப்பம், கொல்லிமலைக்கு வர ஆள் உண்டான்னு கேட்டேன். இதுல என்ன தப்பு? நாமக்கல்காரன் எவனாவது அங்க மாட்டிக்கிட்டு முழிச்சிட்டிருப்பான். அவன் கண்ணுல என் பதிவு பட்டாத்தானே? என் சம்சாரம்கூட அவ ஆபீஸ்ல தினம் இதத் திறந்து பாக்கறா, பாவம்."

"காரணம் கேட்டு எழுதுனீங்களா?"

"பத்து தடவை. கிணத்துல போட்ட கல்லு."

அங்கிருந்த எஸ்.டி.டி. போனில் அவர் வீட்டுக்குப் பேசினார். "வளர்மதி, போன் எடுக்க இவ்வளவு நேரமா? பாப்பாகிட்ட குடு... தூங்குதா? நேத்தும் தூங்குச்சு, இன்னிக்குமா? சரி, எழுப்பாத."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. ஷாகிருக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு மகள் உண்டு. தஸ்னீம் குரலை ஒரு நாள் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"விடுங்க சார். நானே எழுதித் தாரேன். உங்க பேர்லயே போடுவோம். எத்தனை நாளைக்கு மூஞ்சிய மறைச்சிக்கிட்டு ஒளிஞ்சிருப்பாங்கன்னு பாத்துருவோமுங்க."

எழுதினான். 'பதிவை நீக்க உங்களுக்கு உரிமை உண்டு. நீக்கியது யார், என்ன காரணம் என்று எல்லோரும் பார்க்கும்படி சொல்லுங்கள். ஒரு தகப்பன் தன் குழந்தையிடம் போய்ச் சேருவதைத் தடுக்கிறீர்கள். அதற்குக்கூடவா காரணம் சொல்ல மாட்டீர்கள்?'

அது பற்றிக்கொண்டது. குழுமத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் ஓம்பிரகாஷ் பக்கம் நின்றார்கள். பதிவு பறிகொடுத்த பழைய ஆட்களெல்லாம் வந்து திட்டித் தீர்த்தார்கள். மட்டுறுத்துநர் ஒரே ஒருமுறை வாய் திறந்தார். 'சில காரணங்களை வெளியே சொன்னால் ஆபத்து. தயவுசெய்து நம்புங்கள்.'

"ஆபத்தாம் சார், ஆபத்து!" ஷாகிருக்குச் சிரிப்பு வந்தது. 'நேர்மையாக நடப்பவருக்கு எதற்கு ஒளிவுமறைவு?' என்று சூடாகப் பதில் கொடுத்தான். கைதட்டல் குவிந்தது. அவனுக்கே தன் எழுத்தின்மேல் ஒரு கர்வம் வந்துவிட்டது.

இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் குழுமத்தைத் தொடங்கியவரே இறங்கி வந்து அறிவித்தார். மட்டுறுத்துநர் பதவி விலகிவிட்டார். இதுவரை நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே எழுதிவைத்திருந்த காரணம் இன்று முதல் எல்லோருக்கும் தெரியும்.

ஷாகிர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓம்பிரகாஷின் ஆபீசுக்கு ஓடினான். "சார், ஜெயிச்சுட்டோமுங்க! வாங்க, வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

ஓம்பிரகாஷ் அவன் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். "உன்னை மறக்க மாட்டேன் ஷாகிர். கூடப்பொறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான்."

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய பழைய பதிவைத் தேடி, ஷாகிரே மவுஸை அழுத்தினான். பக்கம் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது.

'நீக்கியதற்கான காரணம்: இவர் மனைவி தனிமடல் எழுதியிருக்கிறார். இவர் ஊரில் இருந்தவரை தாய்க்கும் மகளுக்கும் தினமும் அடி. குழந்தையின் கையை ஒடித்திருக்கிறார். இவருக்கு மாறுதல் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார். அவர் எழுதியது இவருக்கு எக்காரணம் கொண்டும் தெரியக் கூடாது.'

ஷாகிர் பதறிப்போய் ஸ்கிரீனை அணைத்தான். அதற்குள் ஓம்பிரகாஷ் முழுவதையும் படித்து முடித்திருந்தார்.

"பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போறதா இருந்தேன்," என்றார் நிதானமாக, சட்டைக் கையை மடித்துவிட்டபடி. "கீழ போற அடுத்த பஸ் எத்தனை மணிக்கு ஷாகிர்?"