கணக்கில் பதினாறு

"கணக்குக்குப் பதினேழு புள்ளியோ? அப்ப நீ றெஸ்ரோறன்ரில கோப்பை கழுவத்தான் சரி."

பாரிஸ் லா சப்பல் மரக்கறிக் கடையில் நாலு பேர் முன்னால் அஜந்தாவிடம் சொல்லிச் சிரித்தாள், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்த வசந்தரூபி சித்தி. அஜந்தா குனிந்து வெண்டிக்காய் பொறுக்கினாள்.

சித்தியின் மகன் சாருஜனின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு வந்தது. மொழிபெயர்க்க அஜந்தாவைத்தான் கூட்டிப்போனாள் சித்தி.

ஆசிரியை முகம் மலர நீளமாய்ப் பேசினார்.

"என்னவாம் பிள்ளை?"

"சாருஜனுக்குக் கணக்கில பதினாறு, சித்தி."

சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்ரை பிள்ளையும் கோப்பை கழுவத்தானோ?"

ஆசிரியை பதறினார். "ஏன் அழுகிறார்? வகுப்பில் முதலாவதே அவன்தானே?"

"சந்தோசத்தில, மதாம்," என்றாள் அஜந்தா பிரெஞ்சில்.

இந்த நாட்டில் முழுப் புள்ளியே இருபதுதான் என்பதை வீட்டுக்குப் போனதும் மகன் சொல்லுவான். அதுவரை அழட்டும்.