ஒற்றைத் தகட்டு அடுப்பு

ஹெப்பகோடியில் உள்ள வீட்டின் பின்புறம் தூறல் விழுகிறது. மகளின் நிச்சயதார்த்த விருந்துக்கான பன்றிக்கறி, சாமுவேலின் புகையடுப்பில் விடியற்காலையிலிருந்து வேகாமல் கிடக்கிறது. விறகு எரியும் நெருப்புப் பெட்டியின் ஒற்றை இரும்புத் தகட்டில் விழும் ஒவ்வொரு துளியும் சுர்ரென்று சூட்டைக் குடித்துக்கொண்டு போகிறது. காப்பிச் செடி விறகுக் கட்டையை அள்ளிப் போட்டால் சூடுமானியின் முள் கொஞ்சம் ஏறுகிறது. அடுத்த காற்றில் இறங்கிவிடுகிறது. “ரெண்டு தகடு வெச்சு நடுவுல கண்ணாடிப் பஞ்சு அடைச்சா சூடு நிக்கும்னு அப்பவே சொன்னேன்ணா” என்கிறான் அடுப்பைச் செய்துகொடுத்த வெல்டர் ஆண்டனி, பெட்டியில் பாதிக்குக் குடை பிடித்தபடி. “இரும்புக்கு எதுக்குடா ஸ்வெட்டர்னு சிரிச்சீங்க.” “இப்ப போட முடியுமா?” என்கிறார் சாமுவேல். “எரியுற அடுப்புலயா?” சாமுவேல் கறியைக் கம்பியால் குத்துகிறார், கம்பி இறங்க மறுக்கிறது. மனைவி மலர் கதவோரம் வந்து நிற்கிறாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாச்சுங்க. ஜெபத்தை ஆரம்பிக்கலாமான்னு பாஸ்டர் கேக்குறாரு.” சாமுவேல் முள்ளையே பார்க்கிறார். “ஆரம்பிக்கச் சொல்லு. நீளமா பண்ணச் சொல்லு.”