கோணல் பிஸ்கட்

பாட்டு வகுப்பறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு மனிதர் ஜன்னலோர மேஜையில் குனிந்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் பிஸ்கட்டுகளின் ஓரத்தைத் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி ஒன்று எடுத்துப்போக வந்த ஸ்கேனரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆள் கையும் களவுமாக அகப்பட்டார்.

பெற்றோர் சங்கச் செயலாளர் அவள். நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவதற்காக, வருஷம் ஒருமுறை பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் தின்பண்டம் விற்பார்கள்; இன்று அந்த நாள். மைதானத்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் சோதித்து அனுப்புவது அவள் பொறுப்பு. வீட்டில் செய்ததுதான் உள்ளே போகலாம், கடைச் சரக்கு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

தட்டைத்தான் பார்ப்பாள், அதைத் தூக்கி வந்த முகத்தைப் பார்க்கமாட்டாள். நியாயம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது அவள் கட்சி. மற்ற அம்மாக்கள் முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேனர்' என்று கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம், அந்தப் பெயர் அவளுக்கே பிடித்துப்போனதுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆள் யாரென்று தெரிந்தது. நாலாம் வகுப்பு இரட்டைப் பின்னல்காரியின் அப்பா, பல் செட் செய்கிறவர். கடிப்பதற்குப் பல் செய்து கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கடிக்கிற பொருளிலும் இவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன சார் பண்றீங்க?"

ஸ்பூன் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அட்டைப் பெட்டியில், அவர் இன்னும் தொடாத பிஸ்கட்டுகள் வரிசை கட்டி இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஓரங்கள் அச்சில் வார்த்தது போல. பக்கத்துத் தட்டில் மூளியும் கோணலுமாக ஒரு குவியல்.

"சும்மா... கொஞ்சம் சரி பண்ணிட்டிருந்தேன்."

"உடைக்கிறதுக்குப் பேரு சரி பண்றதா? எந்தக் கடை சார்?"

"கடை இல்லீங்க. வீட்ல செஞ்சதுதான்."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கடையின் பெயரும் இல்லை. கெட்டிக்காரர்தான், பெட்டியை மாற்றிவிட்டார்.

"அப்படியா. என்னென்ன போட்டீங்க, சொல்லுங்க கேப்போம்."

"சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் ரெண்டு பங்கு, மைதா மூணு பங்கு. வேற ஒண்ணும் வேண்டாம். ரொம்பப் பிசைஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், பட்டும் படாமலும் சேக்கணும். வெட்டினதும் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு அப்புறம் ஓவன்ல வெச்சா ஓரம் கலையாது."

கடகடவென்று ஒப்பித்தார். போனைப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. வீட்டில் செய்கிறவர்கள் யாராவது இப்படிப் பங்கு போட்டுச் சொல்வார்களா? எல்லாம் கண்ணளவு, கையளவுதானே.

ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். வெண்ணெயாகக் கரைந்தது. இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு கரைந்தது.

"இவ்வளவு நல்லா வீட்ல வராது சார். கல்யாணம் ஆனதுலேருந்து செய்றேன், எனக்கே வராது."

அவர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். அங்கே அவர் மகள் மேஜைக்கு விரிப்பைப் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டு, தான் எழுதிய அட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் அந்த அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"கொஞ்சம் விட்டுடுங்க மேடம். பாப்பா கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. காலி மேஜைக்குப் பின்னாடி அவ நிக்கிறதை என்னால பாக்க முடியாது. இந்த உடைக்கிற வேலையை வீட்லயே முடிச்சிருக்கணும். மனசு வரல."

ஸ்கேனரம்மா கண்டிப்பானவளே தவிர கல் நெஞ்சுக்காரி இல்லை. மனசாட்சி உறுத்துகிற மனிதரை மேலும் மேலும் குத்துவானேன்? அந்தக் குழந்தையைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கடைச் சரக்கைக் கண்டும் காணாமல் விடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் நாலு வார்த்தை புத்தி சொல்லாமல் அனுப்ப அவளால் முடியுமா?

"இந்தத் தடவை போகட்டும். கொண்டுபோங்க சார். ஆனா ஒண்ணு, மனசுல வெச்சுக்குங்க. சுமாரா வந்தாலும் நம்ம கையால செஞ்சு குடுக்கணும். கருகிப்போனாக்கூடப் பரவாயில்ல, 'எங்கப்பா செஞ்சது'ன்னு பொண்ணு நிமிர்ந்து நின்னு சொல்லும்ல. அந்தப் பெருமையைக் கடையில விப்பாங்களா?"

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மிச்சமிருந்த நல்ல பிஸ்கட்டுகளையும் இரண்டு தட்டுத் தட்டித் தட்டில் சேர்த்தார்.

"அழகா இருக்கிறதைப் போய் உடைச்சு, எதுக்கு சார் இந்தத் திருட்டு வேலை?"

தட்டை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் நின்றார். கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்:

"போன வருஷம் உடைக்காமதான் குடுத்தனுப்பினேன் மேடம், நீங்க பாப்பாவைத் திருப்பி அனுப்பிட்டீங்க."